ஊசி கொடுப்பது என் தம்பிக்குச் செய்யும் துரோகமா?

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை. ஹெராயின் பழக்கம் இருந்த என் தம்பி சில வருடங்களுக்கு முன் இறந்துபோனான். ஊசி போட்டுக்கொண்ட இடத்திலேயே மயங்கி விழுந்திருக்கிறான். கூட இருந்தவர்கள் போலீசுக்குப் பயந்து ஓடிவிட்டார்கள். இப்போது எங்கள் நகராட்சி, போதைப் பிரச்சினைக்கு ஒரு கொள்கை எழுதக் குழு போட்டிருக்கிறது. பாதிக்கப்பட்ட குடும்பம் என்று என்னையும் சேர்த்திருக்கிறார்கள். ஒரு தரப்பு, "எல்லாவற்றையும் தடை செய், பிடித்து உள்ளே போடு" என்கிறது. இன்னொரு தரப்பு, "சுத்தமான ஊசி கொடு, தண்டனையை எடு" என்கிறது. ஊசியை நாமே கொடுப்பது தம்பிக்குச் செய்யும் துரோகமாகத்தான் எனக்குப் படுகிறது. மதுவைப் பற்றியும் பேசப்போகிறார்களாம். அது சட்டப்படி விற்கிற பொருள்தானே, அதில் ஒரு நகராட்சி என்ன செய்துவிட முடியும்? கடைசியாக ஒன்று: என் அப்பா பல வருடங்களாகத் தினமும் குடிப்பவர். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து வீட்டில் ஒரு சொட்டுகூட இருக்கக்கூடாது என்று முடிவு செய்துவிட்டேன்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் தம்பி இறந்த விதத்திலிருந்தே தொடங்குகிறேன். படிக்கும்போது வலிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். குழுவில் நீங்கள் கேட்டு வாங்கவேண்டியதில் பாதி அதற்குள்தான் இருக்கிறது.

ஹெராயின் அளவு மீறும்போது மூச்சை நடத்துகிற மூளைப் பகுதி மந்தமாகிவிடும். மூச்சு விட்டு விட்டு, நீண்ட இடைவெளியில் வரும். கண்ணின் பாவை புள்ளியாகச் சுருங்கும். உதடும் நகக்கண்ணும் நீலம் பாரிக்கும். தொண்டையிலிருந்து கொறகொறவென்று ஒரு சத்தம் கேட்கும். அதைக் குறட்டை என்று நினைத்து, 'அசந்து தூங்குகிறான்' என்று பக்கத்தில் இருப்பவர்கள் விட்டுவிடுவது உண்டு. பெரும்பாலும் இது ஒரு நொடியில் வருகிற சாவு கிடையாது. பல நிமிடங்கள் கையில் இருக்கும், சிலருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலேயும் இருக்கும். அதற்குள் யாராவது ஆம்புலன்சைக் கூப்பிட்டு, வாயோடு வாய் வைத்து ஊதி, நலாக்சோன் என்ற மருந்தை மூக்கில் அடித்தால் சில நிமிடங்களில் மூச்சு திரும்பிவிடும். நலாக்சோனில் போதை கிடையாது. தவறாக வேறு காரணத்தால் மயங்கியவருக்குக் கொடுத்தாலும் கெடுதல் செய்யாது. அதன் வேலை ஒன்றரை மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும் என்பதால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயே ஆகவேண்டும், அவ்வளவுதான். அமெரிக்காவில் 2023 முதல் அதை மருந்துச்சீட்டு இல்லாமலே வாங்கலாம். பயன்படுத்தக் கற்றுக்கொள்ள ஒரு மணி நேரம்கூட ஆகாது.

ஆக, ஹெராயினோடு சேர்ந்து கூட இருந்தவர்களின் பயமும் உங்கள் தம்பியின் உயிரை எடுத்திருக்கிறது. அவர்கள் கெட்டவர்களாக இருக்கவேண்டிய அவசியமில்லை. போன் செய்தால் தானும் ஜெயிலுக்குப் போகவேண்டும் என்று தெரிந்த இருபது வயதுப் பையன் ஓடத்தான் செய்வான். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலம் 2007-ல் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டது. அளவு மீறி விழுந்தவருக்கு உதவி கேட்டு அழைப்பவர் மீது, கையில் போதைப்பொருள் வைத்திருந்ததாக வழக்குப் போடக்கூடாது என்பதுதான் அது. பிறகு பெரும்பாலான மாநிலங்கள் அதைப் பின்பற்றின. சட்டத்தை உங்கள் நகராட்சி மாற்ற முடியாது. ஆனால் உள்ளூர்க் காவல்துறையுடன் உட்கார்ந்து, 'ஆம்புலன்ஸ் அழைப்புக்குப் பின்னால் போலீஸ் வண்டி போகாது' என்று ஒரு நடைமுறையை எழுதி, அதை ஊரறியச் சொல்ல முடியும். குழுவில் நீங்கள் முதலில் கேட்கவேண்டியது இதைத்தான். வேறு யார் கேட்டாலும் விவாதமாகும். நீங்கள் கேட்டால் மறுத்துப் பேசுவது அவ்வளவு சுலபமாக இருக்காது.

சரி, ஊசிக்கு வருவோம்.

ஊசி மாற்று மையம் ஒன்றில் சில வருடங்கள் டாக்டராக உட்கார்ந்திருக்கிறேன். வருகிறவர் பழைய ஊசிகளைக் கொண்டுவந்து மஞ்சள் டப்பாவில் போடுவார். புதியதை எடுத்துக்கொண்டு போய்விடுவார். முதல் சில தடவை முகத்தைக்கூடப் பார்க்கமாட்டார். யாரும் திட்டவில்லை, பெயர் கேட்கவில்லை என்று உறுதியான பிறகு ஒருநாள் சட்டைக் கையைச் சுருட்டி, "டாக்டர், இது வீங்கியிருக்கு" என்பார். சீழ் கட்டியிருக்கும். அதைக் கீறிச் சுத்தம் செய்து கட்டுப்போடும்போதுதான் பேச்சு வரும். அடுத்த தடவை, "அந்த மாத்திரை போட்டால் நிஜமாகவே விட்டுவிட முடியுமா?" என்று கேட்பார். வீட்டுக்காரர்கள் கையைப் பிடித்து இழுத்து வந்தபோது ஒரு வார்த்தை பேசாத அதே மனிதர். சிகிச்சைக்குப் பலர் இந்த வழியாகத்தான் வந்தார்கள்.

சுத்தமான ஊசி கிடைப்பதால் புதிதாக யாரும் போதைக்கு வருவதில்லை என்பது பல நாடுகளில் பல பத்தாண்டுகளாகப் பார்த்துத் தெளிந்த விஷயம். 1984-ல் ஆம்ஸ்டர்டாமில் இதைத் தொடங்கி வைத்ததே போதை பழகியவர்களின் சங்கம்தான். ரத்தத்தின் வழியே தொற்றும் கல்லீரல் நோயான ஹெபடைடிஸ் பி பரவுவதைப் பார்த்துப் பயந்துபோய் ஆரம்பித்தார்கள். அதற்குப் பின் வந்த எச்ஐவி காலத்தில், இந்த ஏற்பாட்டை முன்கூட்டியே செய்த நகரங்கள் பெரிய கொள்ளை நோயிலிருந்து தப்பின. நாம் ஊசி கொடுக்காவிட்டால் அவர் ஊசி போடாமல் இருக்கமாட்டார், இன்னொருவருடைய ஊசியை வாங்கிப் போடுவார். அதனால் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன்: இல்லை, அது துரோகம் கிடையாது. அப்படி ஒரு மையம் இருந்திருந்தால் உங்கள் தம்பியின் கையை யாராவது ஒரு நர்ஸ் பிடித்துப் பார்த்திருப்பார்.

'மாத்திரை' என்று சொன்னேனே, அதைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். குழுவில் இதற்குத்தான் எதிர்ப்பு அதிகமாக வரும். மெத்தடோன், பூப்ரநார்ஃபின் என்று இரண்டு மருந்துகள். ஹெராயின் வகையைச் சேர்ந்தவைதான், ஆனால் டாக்டர் அளந்து கொடுப்பவை. 1960-களில் நியூயார்க்கில் வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர் என்ற இரு டாக்டர்கள் மெத்தடோனைத் தினசரிச் சிகிச்சையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். தலைக்கேறும் போதை இல்லாமல், விட்டால் வரும் உடல் வேதனையும் இல்லாமல், நோயாளி வேலைக்குப் போனார், வீட்டில் சாப்பிட்டார், தூங்கினார். 2005-ல் உலக சுகாதார நிறுவனம் இரண்டையும் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. சிகிச்சையில் இருக்கும் வரை இறப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. "ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா?" என்று கேட்பார்கள். காலையில் ஒரு வேளை மருந்து சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போகிறவரையும், அடுத்த ஊசிக்குக் காசு தேடி நாள் முழுக்க அலைகிறவரையும் ஒன்றாக வைத்துப் பேசுவது அநியாயம் என்று நான் நினைக்கிறேன்.

'பிடித்து உள்ளே போடு' என்பவர்களிடம் ஒரு விஷயத்தை அவசியம் சொல்லுங்கள். சிறையிலோ, மருந்து கொடுக்காமல் கட்டாயமாக அடைத்து வைக்கிற மையத்திலோ ஒருவர் சில வாரம் இருந்தால், உடம்பு பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்துவிடும். ஆசை மட்டும் அப்படியே இருக்கும். வெளியே வந்து பழைய அளவையே ஏற்றிக்கொள்வார். சிறையிலிருந்து வெளியே வந்த முதல் இரண்டு வாரத்தில் இந்தச் சாவுகள் குவிவதைப் பல நாடுகளின் பதிவுகள் காட்டுகின்றன. 'நல்லபடியாகத் திருந்தி வந்தான், ஒரே வாரத்தில் போய்விட்டான்' என்று குடும்பங்கள் புலம்புவதன் பின்னால் இருப்பது இந்த உடற்கூறுதான். உள்ளே இருக்கும்போதே மெத்தடோன் தொடங்கி, வெளியே வரும்போது கையில் நலாக்சோன் கொடுத்து அனுப்புவதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

தண்டனையை எடுத்துவிட்டால் போதுமா என்றால், போதாது. இதில் இரண்டு இடங்களின் கதையைச் சேர்த்துப் படிக்கவேண்டும். ஹெராயின் வீட்டுக்கு வீடு நுழைந்திருந்த போர்ச்சுகலில், சொந்த உபயோகத்துக்கு வைத்திருப்பது 2001 ஜூலை முதல் குற்றமாகக் கருதப்படவில்லை. பத்து நாள் அளவுக்குள் வைத்திருந்து பிடிபட்டால் நீதிமன்றம் கிடையாது. சட்டம், உளவியல், சமூகப்பணி போன்ற துறைகளைச் சேர்ந்த மூன்று பேர் கொண்ட குழுவின் முன்னால் போய் உட்காரவேண்டும். பழக்கம் முற்றியவரா, எப்போதாவது எடுப்பவரா என்று பேசிப் பார்த்து, தேவையானவரைச் சிகிச்சைக்கு அனுப்புவார்கள். விற்பவருக்குச் சிறை அப்படியே இருந்தது. இதோடு கூடவே, சிகிச்சை இடங்களை நாடு முழுக்கத் திறந்தார்கள். ஊசி போடுகிறவர்களிடையே புதிதாக எச்ஐவி வருவது வருடத்துக்கு ஆயிரத்துக்கு மேல் இருந்தது, பிற்பாடு சில பத்துகளாக இறங்கிவிட்டது.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2020 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி, 2021 பிப்ரவரியில் இதே பாதையில் போனது. வைத்திருந்தால் 100 டாலர் அபராதச் சீட்டு. ஒரு தொலைபேசி எண்ணை அழைத்துப் பேசினால் அதுவும் ரத்து. அழைத்தவர்கள் மிகச் சிலர். சிகிச்சைக்கு ஒதுக்கிய பணம் தாமதமாக வந்தது. ஹெராயினைவிட ஏறக்குறைய 50 மடங்கு வீரியமுள்ள ஃபென்டனில் அதே சமயம் சந்தையில் நிறைந்தது. தெருவில் பார்த்த காட்சிகளால் மக்கள் வெறுத்துப்போனார்கள். 2024 செப்டம்பரில் வைத்திருப்பது மீண்டும் குற்றமானது. தண்டனையை எடுத்த இடத்தில் வைக்க ஓரிகனிடம் அபராதச் சீட்டைத் தவிர எதுவும் தயாராக இல்லை. போர்ச்சுகலில் மூன்று மனிதர்களும் ஒரு சிகிச்சைக் கட்டிலும் காத்திருந்தன. உங்கள் குழுவின் இரண்டாவது தரப்பிடம், "எடுத்த பிறகு அவர் எந்தக் கதவைத் தட்டவேண்டும்? அது என்றைக்குத் திறக்கும்?" என்று விடாமல் கேளுங்கள்.

போலீஸ் அதிகாரி குழுவில் இருந்தால் அவரை எதிரியாகப் பார்க்காதீர்கள். 1980-களின் கடைசியில் சூரிச்சின் பிளாட்ஸ்பிட்ஸ் பூங்காவில் பட்டப்பகலில் நூற்றுக்கணக்கானவர்கள் ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். 1992-ல் பூங்காவை மூடியதும் கூட்டம் பக்கத்தில் கைவிடப்பட்ட ரயில் நிலையத்துக்கு நகர்ந்தது, அவ்வளவுதான். தடுப்பு, சிகிச்சை, தீங்கு குறைப்பு (சுத்தமான ஊசி கொடுப்பது போன்றவை), சட்ட ஒழுங்கு என்ற நான்கையும் ஒன்றாகப் பிடித்த பிறகே சுவிட்சர்லாந்தில் நிலைமை அடங்கியது. வேறெதற்கும் மசியாத நோயாளிகளுக்கு டாக்டர் மேற்பார்வையில் ஹெராயினையே மருந்தாகக் கொடுக்கும் திட்டம் 1994-ல் வந்தது. 2008 வாக்கெடுப்பில் 68 சதவீதம் பேர் அதை ஆதரித்தார்கள். இதற்கு நேர் எதிரான வழியில், தாய்லாந்து 2003-ல் 'போதை மீது போர்' என்று அறிவித்தது. மூன்றே மாதத்தில் 2,000-க்கும் அதிகமானவர்கள் கொல்லப்பட்டார்கள். பயந்துபோனவர்கள் மருத்துவமனைப் பக்கமே வராமல் ஒளிந்துகொண்டார்கள்.

இனி மது. உங்கள் கேள்வியில் எனக்கு மிகவும் உறுத்தியது, "சட்டப்படி விற்கிற பொருள்தானே" என்ற அந்த வரிதான். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019-ல் மதுவால் இறந்தவர்கள் 26 லட்சம் பேர். மற்ற போதைப்பொருள்கள் எல்லாம் சேர்ந்து 6 லட்சம். குடிப்பவர்களின் எண்ணிக்கையே மிக அதிகம் என்பது இதில் சேரும்தான். ஆனாலும் குழுவின் நேரத்தில் எவ்வளவு எதற்குப் போகிறது என்று பாருங்கள். நான் திரும்பத் திரும்பச் சொல்லி வருவது இதுதான்: ஹெராயினுக்குத் தண்டனை மிதமிஞ்சிப்போயிருக்கிறது, மதுவுக்கு விற்பனைச் சுதந்திரம் மிதமிஞ்சிப்போயிருக்கிறது. கள்ளச் சந்தையிடம் விட்டாலும் சாவு, லாபச் சந்தையிடம் விட்டாலும் சாவு. இரண்டையும் நடுவுக்குக் கொண்டுவரவேண்டும். அதாவது ஒன்றைத் தளர்த்தி, இன்னொன்றை இறுக்கவேண்டும்.

இறுக்குவது என்றால் முழுத் தடையா என்று கேட்பீர்கள். 1920 முதல் 1933 வரை அமெரிக்கா அதைச் செய்து பார்த்தது. ஆரம்பத்தில் குடி குறைந்தது உண்மை, கல்லீரல் சாவுகளும் குறைந்தன. அதை மறைக்கக் கூடாது. ஆனால் விற்பனை கும்பல்களின் கைக்குப் போனது. மெத்தனால் கலந்த தொழிற்சாலை ஆல்கஹாலைக் குடித்து ஆட்கள் செத்தார்கள். மெத்தனால் உடம்பில் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தின்றுவிடும். கடை இல்லாத இடத்தில் குடிநோயாளி இந்த ஆபத்துக்குத்தான் தள்ளப்படுகிறார்.

பலன் தருவது மூன்று: விலையை ஏற்றுவது, கிடைக்கும் நேரத்தையும் இடத்தையும் குறைப்பது, விளம்பரத்தை நிறுத்துவது. விலையின் வலு என்னவென்று பின்லாந்து தலைகீழாகக் காட்டியது. பக்கத்து நாட்டு மலிவு மது உள்ளே வரும் என்று பயந்து 2004-ல் மது வரியை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைத்தார்கள். மதுவோடு தொடர்புள்ள திடீர்ச் சாவுகள் 17 சதவீதம் கூடின. ஸ்காட்லாந்து 2018 மே மாதம், மதுவில் உள்ள ஆல்கஹாலின் ஒவ்வொரு யூனிட்டுக்கும் (10 மில்லி சுத்த ஆல்கஹால்) 50 பென்சுக்குக் கீழே விற்கக்கூடாது என்றது. மதுவால் மட்டுமே நேரும் சாவுகள், அந்தச் சட்டம் இல்லாவிட்டால் இருந்திருக்கக்கூடியதைவிட 13 சதவீதம் குறைந்தன என்று மதிப்பீடு சொன்னது. 2024-ல் அதை 65 பென்சாக உயர்த்தினார்கள். ஆனால் முற்றிய குடிநோயாளிகள் விலை ஏறியதால் குடியைக் குறைத்ததாகத் தெளிவாகத் தெரியவில்லை. சிலர் சாப்பாட்டுச் செலவைக் குறைத்துக் குடித்தார்கள். இதைச் சொல்லாமல் ஸ்காட்லாந்தைப் புகழ்கிறவர்களை நம்பாதீர்கள். விலை புதிதாகக் குடிநோய்க்குள் போகிறவரைத் தடுக்கும், ஏற்கெனவே உள்ளே இருப்பவருக்குச் சிகிச்சைதான் வேண்டும்.

வரி போடும் அதிகாரம் நகராட்சிக்கு இருக்காது. நேரமும் இடமும் பெரும்பாலும் கைக்குள் வரும். ஆஸ்திரேலியாவின் நியூகாசில் நகரத்தில் 2008-ல், விடியும் வரை திறந்திருந்த மதுக்கூடங்களை அதிகாலை மூன்று மணி வாக்கில் மூடவைத்தார்கள். இரவுநேர அடிதடி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. கடை உரிமம் கொடுக்கும்போது பள்ளிக்கு எவ்வளவு தூரம், ஒரே தெருவில் எத்தனை கடை, எத்தனை மணி வரை என்று உங்கள் குழு பரிந்துரைக்கலாம். விளையாட்டுப் போட்டிக்கு மது நிறுவனத்தின் பணத்தை வாங்கக்கூடாது என்றும் சேர்க்கலாம். மது நிறுவனப் பிரதிநிதி குழுவில் உட்கார வந்தால் எதிர்த்துப் பேசுங்கள். 'பொறுப்போடு குடியுங்கள்' என்பார்கள். விற்பனையில் பெரும்பங்கு, அளவு மீறிக் குடிக்கும் சிறிய கூட்டத்திடமிருந்து வருகிறது. எல்லோரும் பொறுப்போடு குடித்தால் அவர்கள் தொழில் நடக்காது.

நீங்கள் ஆசிரியை என்பதால் இன்னொன்று. பள்ளியில் போலீஸ்காரரைக் கூட்டிவந்து பயமுறுத்திப் பேசவைக்கும் யோசனை நிச்சயம் வரும். அமெரிக்காவில் பல வருடம் அப்படி நடத்திய திட்டங்களால் நிலையான பலன் எதுவும் தெரியவில்லை. ஐஸ்லாந்து பேச்சைக் குறைத்துக்கொண்டு, பிள்ளைகளின் மாலை நேரத்தை நிரப்பியது: விளையாட்டு, இசைக்கு அரசு உதவிப்பணம், இரவில் வெளியே சுற்றக்கூடாத நேரம், பெற்றோருக்குள் ஒப்பந்தம். முந்தைய மாதத்தில் ஒருமுறையாவது போதையேறக் குடித்ததாகச் சொன்ன 15, 16 வயதினர் 1998-ல் 42 சதவீதமாக இருந்தார்கள். 2016-ல் அது 5 சதவீதம். உங்கள் பள்ளி மைதானம் மாலையில் பூட்டிக் கிடந்தால் அதைத் திறக்கச் சொல்வதும் போதைக் கொள்கைதான்.

கடைசியாக உங்கள் அப்பா. இதைக் குழுக் கூட்டத்துக்கு முன்னால் கவனியுங்கள்.

பல வருடம் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம். சில மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரக்கூடும். இரண்டாவது, மூன்றாவது நாளில் சிலருக்குப் புத்தி குழம்பி, இல்லாத ஆட்கள் தெரிவார்கள், காய்ச்சல் ஏறும். கவனிக்காமல் விட்டால் இறந்துவிடுவார்கள். ஹெராயினை நிறுத்தும்போது வேதனை கடுமையாக இருந்தாலும் இப்படிச் சாவது அபூர்வம். மதுவில்தான் இந்த அபாயம் அதிகம். அதனால் முதல் தேதி என்று நாள் குறிக்காதீர்கள். டாக்டரைப் பார்ப்பதற்கு முன் அவராகவும் நிறுத்தவேண்டாம், நீங்களும் பாட்டிலைக் கொட்டவேண்டாம்.

ஒரு வாரம் கவனித்து எழுதி வையுங்கள்: ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கிறார், காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறதா, நடுக்கம் அடங்கவே காலையில் கொஞ்சம் குடிக்கிறாரா, முன்பு எப்போதாவது நிறுத்தியபோது வலிப்போ குழப்பமோ வந்ததா, சரியாகச் சாப்பிடுகிறாரா. கடைசிக் கேள்விக்குக் காரணம், வைட்டமின் பி1 குறைந்தவருக்கு மூளை நிரந்தரமாகப் பாதிக்கலாம். அந்த வைட்டமினை ஆரம்பத்திலேயே கொடுத்துவிடவேண்டும். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அவரோடு சேர்ந்து மனநல மருத்துவரிடமோ பொது மருத்துவரிடமோ போங்கள். வலிப்பு வந்த சரித்திரம் இருந்தால் ஆஸ்பத்திரியில் சேர்த்துத்தான் நிறுத்துவார்கள். இல்லையென்றால் நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்கும் மருந்தைக் கொடுத்து, அதைப் படிப்படியாகக் குறைத்து வீட்டிலிருந்தே செய்யவும் வழி இருக்கும். நிறுத்திய பிறகு ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகள் இருக்கின்றன, அவருக்கு எது பொருந்தும் என்று கேளுங்கள். மகனை இழந்த அப்பா அவர். அதைப் பற்றி அவரிடம் யாராவது பேசியிருக்கிறார்களா என்று டாக்டர் கேட்பார். முடிந்தால் அந்த நேரம் நீங்கள் வெளியே உட்காருங்கள். உங்கள் முன்னால் சொல்ல முடியாதது அவரிடம் ஏதாவது இருக்கும்.